ஐ.டி. கட்டிடமா, அடுக்ககமா, ஹாஸ்டலா? கோவையில் சொத்து மேலாளராக எங்கே தொடங்குவது

என் அக்கா மகன் பி.காம். முடித்துவிட்டு இரண்டு வருடம் பீளமேட்டில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்த்தான். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து, "நானும் உங்க லைனுக்கே வர்றேனுங்க மாமா" என்றான். கையில் மூன்று வாய்ப்புகள் வைத்திருந்தான். சரவணம்பட்டியில் ஐ.டி. கட்டிடம் ஒன்றைப் பராமரிக்கும் நிறுவனத்தில் உதவி மேலாளர் வேலை. சிங்காநல்லூர் பக்கம் 140 வீடுகள் உள்ள அடுக்ககத்தில், வீட்டு உரிமையாளர்கள் சங்கமான அசோசியேசனுக்கு மேலாளர் வேலை. மூன்றாவது, நண்பனோடு சேர்ந்து திருப்பூரில் ஒரு கட்டிடத்தைக் குத்தகைக்கு எடுத்து ஹாஸ்டல் நடத்துவது.

நான்காவதாக ஒரு வழி உண்டு. நான் இப்போது செய்வது அதுதான். வெளிநாட்டிலும் பெங்களூரிலும் இருப்பவர்களுடைய கோவை வீடுகளைப் பார்த்துக்கொள்வது. இதே கேள்வியோடு வேறு சிலரும் என்னிடம் வந்திருக்கிறார்கள். அதனால் அவனிடம் அன்று பேசியதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

சம்பளத்தை வைத்து ஒப்பிட ஆரம்பித்தான். நான் அதை ஓரம் வைக்கச் சொன்னேன். தொடக்கத்தில் நாலாயிரம் ஐயாயிரம் கூடக் குறைய இருக்கும், மூன்று வருடத்தில் அது பெரிய விஷயமாக இராது. முதலில் பார்க்க வேண்டியது வேறு: கட்டிடம் நன்றாக இருந்தால் உன் வருமானம் கூடுமா, குறையுமா? இந்தத் தொழிலில் உள்ள ஒவ்வொரு வேலைக்கும் இந்தக் கேள்விக்கு வேறு வேறு பதில் வரும். வீட்டு புரோக்கரை எடுத்துக்கொள்ளுங்கள். குடிவைத்தால் ஒரு மாத வாடகை கமிஷன். குடியிருப்பவர் வருடத்துக்கு ஒருமுறை மாறினால் புரோக்கருக்கு வருடத்துக்கு ஒரு கமிஷன். ஆறு வருடம் ஒரே குடும்பம் இருந்தால் ஒரே கமிஷன். மேலாளருக்கு இது தலைகீழ். நல்ல குடும்பம் நீண்டகாலம் இருந்தால்தான் அவருக்கு வேலையும் குறைவு, வருமானமும் நிலையானது. இரண்டு வேலையையும் ஒரே ஆள் செய்யும்போது எந்தப் பக்கம் மனசு சாயும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

சரி, ஐ.டி. கட்டிடத்திலிருந்து தொடங்கலாம்.

சரவணம்பட்டி, கீரநத்தம், விளாங்குறிச்சி, அவிநாசி சாலை இந்தப் பகுதிகளில் உள்ள பெரிய கட்டிடங்களை உரிமையாளர்கள் நேரடியாகப் பார்ப்பது குறைவு. பராமரிப்பு நிறுவனங்களிடம் ஒப்படைத்துவிடுவார்கள். ஜே.எல்.எல்., சி.பி.ஆர்.இ. போன்ற பன்னாட்டு நிறுவனங்களும் இந்தியாவில் இந்த வேலையைச் செய்கின்றன, உள்ளூர் நிறுவனங்களும் செய்கின்றன. இங்கே கிடைக்கும் பயிற்சி வேறெங்கும் கிடைக்காது. ஜெனரேட்டர் எத்தனை மணி நேரம் ஓடியது, ஏ.சி.க்குத் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லரில் தண்ணீரின் வெப்பம் எவ்வளவு, கழிவுநீரைச் சுத்திகரிக்கும் எஸ்.டி.பி.யிலிருந்து வெளியேறும் தண்ணீர் எப்படி இருக்கிறது என்று எல்லாவற்றுக்கும் பதிவேடு உண்டு. தீயணைப்புப் பயிற்சி நடத்துவதையும், ஏ.எம்.சி. எனும் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தைப் படிப்பதையும், ஒரு பொருள் கெட்டுப்போவதற்கு முன்பே அதைச் சர்வீஸ் செய்யும் பழக்கத்தையும் இங்கே கற்றுக்கொள்ளலாம். பதவி ஏணியும் தெளிவாக இருக்கும். உதவி மேலாளர், மேலாளர், நாலைந்து கட்டிடங்களுக்குப் பொறுப்பாளர் என்று ஏறலாம், சென்னைக்கோ பெங்களூருக்கோ மாற்றலும் வாங்கலாம்.

என் கேள்வியை இங்கே வைத்துப் பார்த்தால் பதில் அவ்வளவு நன்றாக இல்லை. பல ஒப்பந்தங்களில் நிறுவனத்துக்கான கட்டணம், எத்தனை ஆட்களை வேலைக்கு வைத்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஆட்களின் சம்பளம், அதற்கு மேல் ஒரு சதவீதம். நீங்கள் யோசித்து இரண்டு ஆள் வேலையைக் குறைத்தால் கட்டிட உரிமையாளர் மகிழ்வார், உங்கள் நிறுவனம் மகிழாது. அப்புறம், உரிமையாளரை நீங்கள் நேரில் பார்ப்பதே அரிது. கட்டிடத்தின் வரவு செலவு முழுதாக உங்கள் கண்ணில் படாது. பத்து வருடம் இருந்தும் ஒரு வாடகை ஒப்பந்தத்தைக் கூடப் படித்துப் பார்க்காதவர்களை நான் சந்தித்திருக்கிறேன். திறமைசாலிகள்தான், கட்டிடத்தின் ஒரு பக்கம் மட்டும் தெரிந்தவர்கள்.

அடுக்கக அசோசியேசன் வேலை இதற்கு நேர் எதிர். அங்கே எல்லாம் உங்கள் தலையில்.

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நான் தொடங்கியது அங்கேதான். கோவையில் அடுக்கக மேலாளரின் முதல் பாடம் தண்ணீர். சிறுவாணித் தண்ணீர் வருகிற வீடு என்று சொன்னால் வாடகையே கூடுகிற ஊர் இது. மாநகராட்சித் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, தரைக்கடியில் உள்ள சம்ப் தொட்டி எத்தனை லிட்டர் பிடிக்கும், போர் தண்ணீரில் உப்பு எவ்வளவு, கடின நீரை மென்மையாக்கும் வாட்டர் சாஃப்டனருக்கு மாதம் எத்தனை மூட்டை உப்பு, சித்திரை வைகாசியில் எத்தனை லாரி வாங்க வேண்டும் என்று ஒரு மேலாளருக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரிந்திருக்க வேண்டும். மழையில்லாத ஒரு வருடத்தில் நான் இருந்த அடுக்ககத்தில் தினமும் லாரி வந்தது. எத்தனை லாரி வந்தது என்பதற்குச் சாட்சி செக்யூரிட்டி எழுதிய நோட்டு மட்டும்தான். நான் சம்ப்பில் ஓர் அளவுகோலை வரைந்து, லாரி வருவதற்கு முன்பும் போன பின்பும் போட்டோ எடுக்க ஆரம்பித்தேன். முதல் வாரத்திலேயே லாரிகளின் எண்ணிக்கை குறைந்தது. யாரையும் குற்றம் சொல்லவில்லை, யாரிடமும் சண்டை போடவில்லை. அளக்க ஆரம்பித்தேன், அவ்வளவுதான்.

இரண்டாவது பாடம் சட்டமும் கணக்கும். 1994-ஆம் வருட அடுக்கக உரிமைச் சட்டத்துக்குப் பதிலாக 2022-இல் கொண்டுவந்த புதுச் சட்டம் 2024 மார்ச் முதல் அமலில் இருக்கிறது. அசோசியேசன் அதன்படி பதிவாகியிருக்கிறதா, விதிகள் புதுப்பிக்கப்பட்டுள்ளனவா என்று பார்க்கத் தெரிய வேண்டும். மெயின்டனன்ஸ் கட்டணம் ஒரு வீட்டுக்கு மாதம் 7,500 ரூபாயைத் தாண்டி, அசோசியேசனின் ஆண்டு வரவும் 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. கேள்வி வரும். செக்யூரிட்டி ஏஜென்சி தன் ஆட்களுக்கு பி.எஃப்., இ.எஸ்.ஐ. ஒழுங்காகக் கட்டுகிறதா என்று மாதாமாதம் சலான் வாங்கிப் பார்க்க வேண்டும். அவர்கள் கட்டாமல் விட்டால் சிக்கல் நம் வாசலுக்கும் வரலாம். லிஃப்ட் உரிமம், எஸ்.டி.பி.க்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி, கட்டிடக் காப்பீடு இவற்றின் தேதிகள் நினைவில் இருக்க வேண்டும். ஆடிட்டர் அலுவலகத்திலிருந்து வரும் பையனுக்கு இந்தப் பக்கம் பாதி ஏற்கெனவே தெரியும். டிப்ளமா படித்து வருபவர்களுக்கு மோட்டார் பக்கம் தெரியும், கணக்குப் பக்கம் இருட்டு. என் அனுபவத்தில் மோட்டாரைக் கற்றுக்கொள்வது எளிது. கணக்கில் ஒழுங்கு என்பது சின்ன வயதிலேயே ஒட்ட வேண்டிய பழக்கம்.

குறை என்ன? கமிட்டி மாறும். வருடத்துக்கு ஒருமுறையோ இரண்டு வருடத்துக்கு ஒருமுறையோ தலைவர், செயலாளர், பொருளாளர் மாறுவார்கள். பழைய கமிட்டி வைத்த மேலாளர் என்பதே புதிய கமிட்டிக்குச் சந்தேகம் வரப் போதும். எனக்கு நடந்தது. புதிதாக வந்தவர்கள் மூன்று வருடத்து மோட்டார் காயில் கட்டிய பில்களைக் கேட்டார்கள். ஒவ்வொரு பில்லோடும் எரிந்த காயிலின் போட்டோ, மூன்று கொட்டேஷன், அனுமதித்தவரின் கையெழுத்து எல்லாம் சேர்த்து ஃபைல் செய்திருந்தேன். ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து பார்த்தார்கள். மறுநாள் செயலாளர் வந்து, "ஃபைல் எல்லாம் சரியா இருக்குங்க, நீங்களே தொடர்ந்து பாருங்க" என்றார். அந்த ஃபைல் இல்லாமல் இருந்திருந்தால் நான் திருடன் என்ற பேரோடு வெளியே போயிருப்பேன். உண்மையாக இருந்தால் மட்டும் போதாது, காட்டத் தெரிய வேண்டும்.

இன்னொரு குறை, 140 வீட்டுக்காரர்களும் உங்களுக்கு முதலாளி. பால்கனியில் புறா வந்தாலும் உங்களுக்குத்தான் போன் வரும். அதனால் சேருவதற்கு முன்பே எழுத்தில் வாங்க வேண்டியவை சில உண்டு. எவ்வளவு ரூபாய் வரை நீங்களே செலவு செய்யலாம், கமிட்டியில் யார் ஒருவர் சொன்னால் நீங்கள் கேட்க வேண்டும், இரவு எது அவசரம் எது அவசரம் இல்லை. இவற்றை எழுதித் தர மறுக்கும் அசோசியேசனில் சேராமல் இருப்பது நல்லது.

என் கேள்விக்கு இங்கே பதில் நடுவாந்தரம். சம்பளம் நிலையானது, கட்டிடம் நன்றாக இருந்தாலும் கூடாது, கெட்டாலும் உடனே குறையாது. ஆனால் அந்த அடுக்ககத்தில் வீடு வாங்கிப் போட்டுவிட்டு வெளியூரில் இருப்பவர்கள் எப்போதும் சிலர் இருப்பார்கள். ஐந்து வருடம் உங்கள் வேலையைப் பார்த்தவர்கள் ஒருநாள், "எங்க வீட்டையும் நீங்களே பார்த்துக்கறீங்களா?" என்று கேட்பார்கள். என் சொந்தத் தொழில் அப்படி ஒரு கேள்வியில்தான் தொடங்கியது.

ஹாஸ்டல் பற்றி மருமகனிடம் கொஞ்சம் கடுமையாகவே பேசினேன். மூன்றில் அவனுக்கு ஆசை அதிகம் இருந்தது அதில்தான். திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு வேலைக்கு வருபவர்களுக்கு இடம் எப்போதும் வேண்டும், சரவணம்பட்டியில் ஐ.டி. பிள்ளைகளுக்கும் வேண்டும். கட்டில் கணக்கில் பெருக்கிப் பார்த்தால் பணம் கொட்டுவது போலத் தெரியும். அந்தப் பெருக்கலில் காலிக் கட்டில் இருப்பதில்லை. 2020-இல் ஊரடங்கு வந்து வடமாநிலத் தொழிலாளர்கள் ரயிலேறிப் போன மாதங்களில் குத்தகைக்கு எடுத்தவர்களுக்கு என்ன ஆனது என்று திருப்பூரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கட்டில் காலி, குத்தகைப் பணம் மட்டும் மாதாமாதம் நிற்கவில்லை.

அதைவிட எனக்குப் பெரிய உறுத்தல் வேறு. குத்தகைக்கு எடுத்தவனுக்கு லாபம் எங்கிருந்து வருகிறது? வாங்குவதற்கும் செலவழிப்பதற்கும் நடுவிலிருந்து. கழிப்பறைக் குழாயை மாற்றினால் அவன் லாபம் குறையும். தண்ணீர் லாரி ஒன்று கூட வாங்கினால் குறையும். கட்டிடமும் அவனுடையது இல்லை, குத்தகை முடிந்தால் போகப் போகிறான். நல்ல மனசுள்ளவனைக் கூட அந்தக் கணக்கு மெல்ல மாற்றிவிடும். நன்றாக ஹாஸ்டல் நடத்துபவர்களை எனக்குத் தெரியும், அவர்களில் அநேகம் பேர் சொந்தக் கட்டிடத்தில் நடத்துபவர்கள். பெண்கள் விடுதி என்றால் 2014-ஆம் வருடச் சட்டப்படி மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் வேண்டும். பாதுகாப்பு, காப்பாளர், கேமரா என்று நிபந்தனைகள் உண்டு. அவை நியாயமான நிபந்தனைகள். 24 வயதில், கட்டிடத்தைப் பற்றி ஒன்றும் தெரியாமல், கடன் வாங்கி இதில் இறங்குவதை நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஹாஸ்டல் நடத்துவது தொழில்முனைவு, மேலாளர் வேலை வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம் என்றேன்.

இனி என் வழி. வடவள்ளி, சாய்பாபா காலனி, கோவைப்புதூர், கணபதி என்று எங்கே பார்த்தாலும் பிள்ளைகள் அமெரிக்காவிலோ ஆஸ்திரேலியாவிலோ இருக்கும் வீடுகள் உண்டு. பெற்றோர் இருந்தவரை அவர்கள் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் சித்தப்பாவோ பக்கத்து வீட்டு அண்ணனோ பார்த்தார்கள். உறவுக்காரர் பார்த்துக்கொள்ளும் வீட்டில் கணக்குக் கேட்க முடியாது, கேட்டால் உறவு போய்விடும். கூலி வாங்கிக்கொண்டு கணக்குக் கொடுக்கும் ஒரு மூன்றாம் ஆள் தேவைப்படுவது அதனால்தான்.

இதற்கு வாடகையில் 5 முதல் 10 சதவீதம் வரை கேட்பது வழக்கம். 20,000 ரூபாய் வாடகை வீட்டுக்கு 8 சதவீதம் என்றால் மாதம் 1,600. 25 வீடு சேர்ந்தால் 40,000. பெட்ரோல், போன், உதவிக்கு ஒரு பையன் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். 25 வீடு சேர எனக்கு நான்கு வருடம் ஆனது. முதல் நாளிலிருந்து இதை மட்டும் நம்பி இறங்கினால் தாங்காது. ஆனால் என் கேள்விக்கு இங்கேதான் முழுப் பதில் கிடைக்கிறது. வீடு காலியாக இருந்தால் எனக்கும் வருமானம் இல்லை. நல்ல குடும்பம் குடியிருந்து நிலைத்தால் உரிமையாளருக்கும் எனக்கும் லாபம்.

சட்டமும் இந்த வேலைக்கு ஒரு பெயர் கொடுத்திருக்கிறது. 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டம் சொத்து மேலாளர் யார், அவர் என்ன செய்யலாம் என்று சொல்கிறது. ரசீது கொடுத்து வாடகை வாங்குவது, உரிமையாளர் சார்பில் அவசியமான பழுது பார்ப்பது, அவ்வப்போது வீட்டைப் பார்வையிடுவது, நோட்டீஸ் கொடுப்பது, தகராறு வந்தால் தீர்க்க உதவுவது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். வாடகை பாக்கிக்காகத் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்துவதற்கு உரிமையாளருக்கும் அதிகாரம் இல்லை, மேலாளருக்கும் இல்லை. "மோட்டாரை ஆஃப் பண்ணுங்க, தானா காலி பண்ணுவாங்க" என்று என்னிடம் சொன்ன உரிமையாளர்கள் உண்டு. முடியாது என்று சொல்லி ஒரு வீட்டை இழந்தேன். அதில் எனக்கு வருத்தமில்லை.

இந்த வழியில் வருபவர்கள் இரண்டு விஷயத்தில் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். ஒன்று, பொது அதிகாரப் பத்திரம் (பவர் ஆஃப் அட்டர்னி) வாங்காதீர்கள். நம்பிக்கையில் கொடுப்பார்கள், நமக்கும் பெருமையாக இருக்கும். வீட்டை விற்கும் அதிகாரம் நம் கையில் இருந்தால் உறவினர்களின் பார்வை மாறிவிடும். இன்னின்ன வேலைக்கு, இன்ன தேதி வரைக்கும் என்று எழுதிய அதிகாரக் கடிதமே போதும். இரண்டு, வாடகை நேராக உரிமையாளரின் வங்கிக் கணக்குக்குப் போகட்டும். வெளிநாட்டில் இருப்பவர் என்றால் அவர் இந்திய வருமானத்துக்காக இங்கே வங்கியில் வைத்திருக்கும் என்.ஆர்.ஓ. கணக்குக்கு. தொடக்கத்தில் ஒரு வீட்டுக்கு நான் வாடகையை என் கணக்கில் வாங்கி அனுப்பினேன், உரிமையாளரின் வசதிக்காக. வரி நேரத்தில் அந்தப் பணம் என் வருமானம் இல்லை என்று விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. உரிமையாளர் வெளிநாட்டில் வசிப்பவராக இருந்தால், வாடகை எவ்வளவு சிறியதானாலும் குடியிருப்பவர் அதில் 30 சதவீதமும் அதன் மேல் செஸ் எனும் கூடுதல் வரியும் வரியாகப் பிடித்துக் கட்ட வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. இதை முதல் நாளே எடுத்துச் சொல்லும் மேலாளரை உரிமையாளர் விடமாட்டார். சொத்து வரியை அரையாண்டு தொடங்கிய முதல் மாதத்துக்குள் கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை தள்ளுபடி உண்டு. அதை வாங்கிக் கொடுத்தாலே பாதிக் கூலிக்கு நியாயம் செய்த மாதிரி.

வேறு வழிகளும் இருக்கின்றன. நீலாம்பூர், கருமத்தம்பட்டி, அன்னூர்ப் பக்கம் தோட்டங்களில் குடோன் கட்டி வாடகைக்கு விட்டிருக்கும் குடும்பங்கள் நிறைய. குடியிருப்பவர் கம்பெனி, ஒப்பந்தம் நீளமானது, மேற்கூரைத் தகடும் மழைநீர்க் கால்வாயும் தீயணைப்பு நிபந்தனைகளும் தெரிந்திருந்தால் போதும். ஒப்பந்தமும் ஜி.எஸ்.டி.யும் புரிந்த ஆட்கள் அங்கே குறைவு, தேவை அதிகம். கோவையைச் சுற்றியுள்ள முதியோர் குடியிருப்புகளும் நல்ல இடம்தான். ஆனால் அங்கே கட்டிடம் பாதி, மனிதர்கள் பாதி. சாப்பாட்டில் உப்பு கூடியதிலிருந்து இரவு இரண்டு மணிக்கு ஆம்புலன்ஸ் வரை. பொறுமை உள்ளவர்களுக்கு அது நிறைவான வேலை. அவசரக்காரர்கள் போக வேண்டாம்.

யாரும் கவனிக்காத ஒரு வழியையும் சொல்கிறேன். டாடாபாத், சாய்பாபா காலனிப் பக்கம் எட்டு வீடு, பத்து வீடு உள்ள பழைய சின்ன அடுக்ககங்கள் நிறைய. தனி மேலாளர் வைக்க அவர்களுக்குக் கட்டுப்படியாகாது. ஓய்வு பெற்ற ஒருவர் அலுத்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருப்பார். இப்படி ஐந்தாறு கட்டிடங்களை ஒருவரே மாதக் கட்டணத்துக்கு எடுத்து நடத்தலாம். 2023-இல் அரசு, லிஃப்ட் இல்லாத, 3 மாடிக்கும் 10 வீட்டுக்கும் மிகாத அடுக்ககங்களுக்குப் பொது மின் இணைப்புக் கட்டணத்தை யூனிட்டுக்கு 8 ரூபாயிலிருந்து 5 ரூபாய் 50 காசாகக் குறைத்தது. அந்தச் சலுகைக்கு விண்ணப்பிக்காமலே கிடந்த ஒரு கட்டிடத்தை நானே பார்த்தேன். கேட்டு வாங்கிக் கொடுக்க ஆள் இல்லை.

மருமகனுக்கு நான் சொன்னது இது. உனக்குக் கணக்குத் தெரியும், இயந்திரம் தெரியாது. அதனால் முதல் ஒன்றரை வருடம் ஐ.டி. கட்டிடத்துக்குப் போ. ஷிப்ட் போட்டாலும் போ. ஜெனரேட்டர் ரூமிலும் எஸ்.டி.பி.யிலும் டெக்னீஷியன் அண்ணன்மாருடன் நின்று கற்றுக்கொள். அதன் பிறகு அசோசியேசன், அங்கே மூன்று நான்கு வருடம். வீடுகள் தானாக வரும். டிப்ளமா முடித்த பையன் கேட்டிருந்தால் நேராக அசோசியேசனுக்கு அனுப்பியிருப்பேன், மாலையில் டேலி என்ற கணக்கு மென்பொருள் வகுப்பில் சேரச் சொல்லி. வீட்டில் அவசரமாகப் பணம் தேவைப்படுபவர்களுக்கு மட்டும் இந்த வரிசை பொருந்தாது. எது கூடுதல் சம்பளம் தருகிறதோ அதில் சேர்ந்துவிட்டு, எழுத்தில் வாங்க வேண்டியதை மறக்காமல் வாங்கிக்கொள்ளட்டும்.

ஹாஸ்டல் நண்பனிடம் அவனே பேசிவிட்டான். சரவணம்பட்டியில் வரும் முதல் தேதி சேருகிறான். நேற்று இரவு போன் செய்து, சேர்ந்த அன்றைக்கு முதலில் என்ன பார்க்கட்டுங்க மாமா என்று கேட்டான். மொட்டை மாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டியிலிருந்து குழாயைப் பிடித்துக்கொண்டே கீழே சம்ப் வரைக்கும் நடந்து வா, எந்த வால்வு எங்கே இருக்கிறது என்று நோட்டில் படம் வரைந்துகொள் என்று சொல்லியிருக்கிறேன்.